தாய் என்று சொல்லித் தப்பித்துவிடாதீர்கள்: ‘தொழிலறிவே’ அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, பேச ஆரம்பிக்கும் முன்பே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் செவிலியர்களே, இன்டர்னல் மார்க்குக்காக வந்திருந்தாலும் கைதட்டலில் குறை வைக்காத மாணவ மாணவியரே, எல்லாருக்கும் வணக்கம்.

செவிலியர் தினம் என்றால் ‘அன்பா, அறிவா’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு தலைப்பு வைத்து, கடைசியில் இரண்டும்தான் என்று தீர்ப்புச் சொல்லி, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் விழாக் குழு அந்த வழியை அடைத்துவிட்டது. ஒரே ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து மேடையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மனநலச் செவிலியராக, ஆசிரியையாக, தாயாக வாழ்ந்த ஹில்டகார்ட் பெப்லாவின் வாழ்வில் ஓங்கி நிற்பது தாயன்பே என்கிறது அந்த அணி. தொழிலறிவே என்று சொல்ல நாங்கள் வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். கைவிளக்கேந்திய காரிகையின் தாயுள்ளத்திலிருந்துதான் இந்தப் பணியே பிறந்தது. தனியாளாக ஒரு பெண் குழந்தையை வளர்த்த பெப்லாவ் அந்தத் தாய்மையைத்தான் வார்டுக்குக் கொண்டுவந்தார். தாயுள்ளம் இல்லாத செவிலியர் வெறும் ஊசி போடும் இயந்திரம். இந்த மூன்றும்தான். சொன்ன அழகுக்கு நானும் கைதட்டினேன். இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த விளக்கைப் பிடித்த அதே கைதான், கிரிமியப் போரில் எந்த மாதம் எத்தனை சிப்பாய்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன்னால் வைத்தது. 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது அந்தக் கணக்குக்காக. விளக்கை மட்டும் காலண்டரில் அச்சடித்துவிட்டு வரைபடத்தை விட்டுவிட்டோம். அவ்வளவுதான் அந்தக் கதை.

இனி பெப்லாவ். 1909 செப்டம்பர் 1ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் ஊரில், ஆறு பிள்ளைகள் இருந்த ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தவர். 1918 விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது அவருக்கு ஒன்பது வயசு. காய்ச்சல் உச்சத்தில் மனிதர்கள் பிதற்றுவதை அந்த வயசிலேயே பார்த்தவர். 1931இல் பாட்ஸ்டவுன் மருத்துவமனைப் பள்ளியில் செவிலியர் படிப்பு முடித்தார். பிறகு வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1943இல் உளவியலில் பட்டம் வாங்கினார். அதே வருஷம் ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்து, இங்கிலாந்தில் போரால் மனம் உடைந்த சிப்பாய்களுக்கான மருத்துவமனையில் பணி.

இதற்கு அப்புறம் வரும் தேதிகளைத்தான் எதிரணி கண்ணீரோடு வாசித்தது. நானும் அதே தேதிகளை வாசிக்கிறேன், கண்ணீர் இல்லாமல். 1945இல் மகள் பிறந்தாள். 1947இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் முதுகலை. 1948இல் செவிலியர்-நோயாளி உறவைப் பற்றிய ஒரு நூலின் கையெழுத்துப் பிரதி தயார். 1952இல் அது அச்சில் வந்தது. 1953இல் முனைவர் பட்டம். கணவன் துணை இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை ஊர் ஒரு மாதிரி பார்த்த காலம் அது. அந்தத் தாய்க்குத் தலைவணங்குகிறோம், அதில் எங்கள் அணிக்கும் எதிரணிக்கும் சண்டை இல்லை.

ஆனால் 1948இல் தயாரான நூல் 1952வரை ஏன் கிடந்தது? அதை எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. டாக்டர் ஒருவர் பெயரை இணையாசிரியராகப் போடாமல் ஒரு செவிலியர் தனியாக நூல் வெளியிடுவதா என்ற தயக்கத்தில்தான் நாலு வருஷம் கிடந்தது. நடுவர் அவர்களே, யோசித்துப் பாருங்கள். பெப்லாவிடம் பாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பாசத்தை எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். செவிலியருக்குத் தனியாக ஓர் அறிவு இருக்கிறது, அதை எழுதிவைக்கலாம், சொல்லிக்கொடுக்கலாம் என்பதைத்தான் உலகம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் போராடியது அதற்கு. அதை விட்டுவிட்டு அவரைத் தாய் என்று புகழ்ந்தால், புகழ்கிற மாதிரி புகழ்ந்து நூலை மறுபடியும் அலமாரியில் பூட்டுகிறோம் என்று அர்த்தம்.

சரி, அந்த நூலில் தாயைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. எதிரணிக்கு அது வசதியாக இல்லை.

நோயாளியின் முன்னால் செவிலியர் ஏற்கும் பாத்திரங்களை பெப்லாவ் ஆறாகப் பிரிக்கிறார். அந்நியர், விவரம் தருபவர், ஆசிரியர், வழிநடத்துபவர், இன்னொருவருக்குப் பதிலாள், ஆலோசகர். இதில் ஐந்தாவதைக் கவனியுங்கள். உடம்பும் மனசும் தளர்ந்த மனிதர், எதிரில் நிற்கும் செவிலியரிடம் தன் அம்மாவையோ அக்காவையோ பார்க்க ஆரம்பித்துவிடுவார். தானாக நடக்கும். அப்போது செவிலியர் என்ன செய்ய வேண்டும்? எதிரணி சொல்கிற மாதிரி உடனே அம்மாவாகிவிட வேண்டுமா? இல்லை. முதலில் இது நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, அந்த நாற்காலியில் போய் உட்காரவும் கூடாது, ‘நான் ஒன்றும் உங்கம்மா இல்லை’ என்று வெடுக்கென்று தள்ளவும் கூடாது. மூன்றாவது, எங்கே நான் உங்கள் அம்மாவைப் போல இருக்கிறேன், எங்கே வேறு ஆள் என்பதை நோயாளி தானே பிரித்துப் பார்க்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும். மகள் பெற்ற ஒரு தாய், செவிலியர் தாயாக மாறக் கூடாது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இதைவிட எங்கள் அணிக்கு வேறு சாட்சி வேண்டுமா?

வார்டில் இது எப்படிக் கெட்டுப்போகும் என்று மனநலப் பிரிவில் போஸ்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பது வயசுக்காரர், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு ஊட்டுகிறாள். சாப்பிட்டுவிடுகிறார். எல்லாரும் பாராட்டுகிறார்கள். அடுத்த நாள் அந்தப் பெண் வராமல் சாப்பிட மாட்டேன் என்கிறார். அதற்கடுத்த நாள் அவள் கையால் கொடுத்தால்தான் மாத்திரை உள்ளே போகிறது. நான்காம் வாரம் போஸ்டிங் முடிந்து கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடுகிறது. மனுஷர் தட்டைத் தள்ளிவிடுகிறார், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் துப்புகிறார், கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிறார்கள். அவர் ஒத்துழைக்காமல் இல்லை. அவருக்கு ஒரு தாயைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கியிருக்கிறோம். அதையே தட்டை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அடுத்த ஷிப்டுக்கும் அதையே சொல்லிவைத்து, எத்தனை இட்லி உள்ளே போனது என்று எழுதியிருந்தால் இந்த வினை இல்லை. ஊட்டியது அன்பு, மறுக்கவில்லை. ஆனால் அது நோயாளிக்குச் செய்ததா, மாணவியின் மனநிறைவுக்குச் செய்ததா என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் பெப்லாவ்.

முதல் பாத்திரத்தையும் பாருங்கள். அந்நியர். பழக்கமில்லாத ஒரு பெரியவரிடம் வெளியே எந்த மரியாதையோடு பேசுவோமோ அந்த மரியாதையில்தான் உறவு தொடங்க வேண்டும் என்கிறார். நம் வார்டில்? அறுபத்தைந்து வயசு தலைமையாசிரியர் பைஜாமா மாட்டிப் படுத்த மறு நிமிஷம் ‘என்ன தாத்தா, சமத்தா ஊசி போட்டுக்கிறீங்களா’. தாயுள்ளத்துக்கு இதுதான் சிக்கல். தாயாக வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரைக் குழந்தையாக்கியாக வேண்டும்.

எதிரணித் தோழி ஒருவர் எழுந்து, ‘பேச்சு என்ன பெரிய வித்தை? மனசு இருந்தால் வார்த்தை தானே வரும்’ என்றார். வரும் அம்மா, வரும். என்ன வார்த்தை வரும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். 1794இல் தொடங்கி இன்றைக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடக்கும் மனநல மருத்துவமனை ஆகட்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஆகட்டும், எந்தப் பெண்கள் வார்டிலும் காதில் விழும் ஒரு வாக்கியம் இது.

‘அவங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கொண்டாந்து இங்க தள்ளிட்டாங்க.’

தாயுள்ளம் என்ன பதில் சொல்லும்? ‘அப்படியெல்லாம் நெனைக்காதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்.’

கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். அந்த அம்மா நினைப்பதை நினைக்காதே என்று சொல்லியாயிற்று. முகம்கூடப் பார்க்காத சொந்தக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கியாயிற்று. சரியாகிவிடும் என்று யார் கொடுத்த அதிகாரத்தில் சொன்னோமோ தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. இனி அந்த அம்மா எதைச் சொல்வார்?

பெப்லாவிடம் பயின்றவர் கேட்பது வேறு.

‘அவங்கன்னா யாரு?’
‘எல்லாரும்தான்.’
‘அன்னைக்கு உங்ககூட இங்க வந்தது யாரு?’
‘எங்கண்ணன்.’
‘வீட்டை விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?’
‘அண்ணி என் பெட்டியத் தூக்கித் திண்ணையில வச்சிட்டா.’

மூன்று கேள்வி. ஆறுதல் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் ‘அவங்க எல்லாரும்’ என்ற பெரிய கூட்டம் கரைந்து ஓர் அண்ணன், ஓர் அண்ணி, ஒரு பெட்டி என்று நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் ஆனால் இந்த அம்மா எந்த வீட்டுக்குப் போவார் என்ற கேள்வி இப்போதுதான் டாக்டருக்கும் சமூகப் பணியாளருக்கும் தெரியவருகிறது. அண்ணன் பார்க்க வரும்போது என்ன பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. வெறுமனே ‘அவங்க’ என்றால் யார் என்று கேள். ‘எப்பவும் இப்படித்தான்’ என்றால் ஒரு தடவை நடந்ததைச் சொல்லச் சொல். யார், என்ன, எப்போது, எங்கே என்று கேள். ‘ஏன்’ என்று மட்டும் கேட்காதே, ஏன் என்றால் மனுஷன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத்தான் பார்ப்பான், நடந்ததைச் சொல்ல மாட்டான். இது பெப்லாவ் சொல்லிக்கொடுத்த முறை. தாய் வயிற்றில் இருக்கும்போதே வருகிற ஞானம் கிடையாது. நம் வீடுகளில் எந்தத் தாயாவது ‘ஏன்’ என்று கேட்காமல் பிள்ளையிடம் பேசியிருக்கிறாரா?

இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர அவர் பிடித்த கருவிதான், இன்றைக்கும் நம் மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதும் புராசஸ் ரெக்கார்டிங். பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுது, பிறகு அதை அலசு என்பது அவர் கொடுத்த பயிற்சி. சரியாகச் செய்தால் இதைப் போலக் கொடூரமான ஆசிரியர் வேறு கிடையாது. பேச்சு பதினைந்து இருபது நிமிஷம் போதும். நோயாளியின் முன்னால் நோட்டைத் திறக்கக் கூடாது, திறந்தால் அது பேச்சாக இருக்காது, போலீஸ் வாக்குமூலமாகிவிடும். முடிந்து அரை மணிக்குள் எழுதிவிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்றால் பாதி போய்விடும். பக்கத்தைக் கட்டம் போட்டு, நோயாளி சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம், அந்த நேரம் என் மனசில் ஓடியது ஒரு பக்கம், அது சரியா தப்பா, தப்பென்றால் பதிலுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்பது கடைசிக் கட்டம்.

எங்கே கெட்டுப்போகிறது? மௌனத்தை எழுத மாட்டார்கள். நோயாளி ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், அந்த ஒரு நிமிஷத்தில் நாம் பயந்துபோய்ப் பேச்சை மாற்றியிருப்போம். அதுதான் பாடமே, அது நோட்டில் இருக்காது. இரண்டாவது, ‘என் மனசில் ஓடியது’ என்ற கட்டத்தில் ‘நோயாளிமேல் இரக்கம் ஏற்பட்டது’ என்று எல்லாரும் ஒரே வாக்கியம். உண்மையில் ஓடியது ‘எப்படா மணி பன்னிரண்டாகும்’ என்பதாக இருக்கும். அதை எழுதுகிறவர்தான் கற்றுக்கொள்கிறார். மூன்றாவது, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது. அதைப் பற்றி இந்த அரங்கில் அதிகம் பேச வேண்டாம், பின்வரிசையில் சிலர் தலையைக் குனிவது இங்கிருந்தே தெரிகிறது.

அன்பு எல்லாரிடமும் இருக்கும் நடுவர் அவர்களே. நேற்று நான் பேசிய பேச்சில் எந்த வரியில் சறுக்கினேன் என்று திரும்பிப் பார்க்க அன்புக்குத் தெரியாது. அதற்கு நோட்டு வேண்டும், அதை வரி வரியாகப் படிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

அடுத்தது பதற்றம். பெப்லாவ் அதை நாலு படியாக்கினார். லேசான பதற்றம், நடுத்தரம், கடுமை, பீதி. வகைபிரித்துத் தேர்வு எழுதுவதற்காக அல்ல, எந்தப் படியில் இருப்பவரிடம் என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பதற்காக. லேசான படியில் கண்ணும் காதும் கூர்மையாகும், சொல்லிக்கொடுத்தால் ஏறும். நடுத்தரத்தில் பார்வை குறுகும், ஆனாலும் விரலைப் பிடித்துக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினால் கவனிப்பார். கடுமையில் ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் மனம் மாட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் காதில் விழாது. பீதியில் எதுவும் உள்ளே போகாது.

இதை மனநல வார்டோடு விட்டுவிடாதீர்கள். இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது என்று நாம் எப்போது சொல்லிக்கொடுக்கிறோம்? டிஸ்சார்ஜ் அன்றைக்கு. பில் எவ்வளவு என்று மகன் ஓடிக்கொண்டிருக்கிறான், வாசலில் ஆட்டோ நிற்கிறது, அந்த அம்மாவின் கண் கதவிலேயே இருக்கிறது. நாம் அன்பொழுகச் சொல்கிறோம்: குப்பியை உருட்டணும், குலுக்கக் கூடாது, இடத்தை மாற்றி மாற்றிப் போடணும், பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்கணும். அந்த அம்மா தலையை ஆட்டுகிறார். ஒன்றும் ஏறவில்லை. சில மாதத்தில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டிபோல் வீங்கி வருவார். பாசக்குறைவா? இல்லை. பதற்றத்தின் படி பார்க்காமல் பாடம் நடத்திய குறை. இரண்டு நாள் முன்னாடியே தொடங்கி, அவர் கையாலேயே போடவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பதறுகிறவரிடம் அவர் சொல்லிக்கொடுத்த வழி இது. முதலில், இப்போது பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டு, அதற்குப் பெயர் வைக்க உதவுவது. அடுத்து, பதற்றம் வந்தால் அதைத் தணிக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. நடப்பார், நகம் கடிப்பார், கத்துவார், அந்தத் தொடர்பை அவரே பார்க்க வேண்டும். பிறகுதான், இது வருவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்ற கேள்வி. வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது. பீதியில் இருப்பவரிடம் இந்த எதுவும் கூடாது. சத்தத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் இரு. ‘நான் இங்கதான் இருக்கேன். உட்காருங்க.’ மூன்று நாலு வார்த்தைக்கு மேல் போகாதே. கட்டிப்பிடிக்காதே, அந்த நேரத்தில் தொடுகிற கை அவருக்குத் தாக்குகிற கையாகத் தெரியலாம். தாயுள்ளத்துக்கு முதலில் வருவதே கட்டிப்பிடிப்பதுதான்! அதற்கு அடுத்து வருவது, கட்டிப்போடுவது. நம் நாட்டு 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் தண்டனையாகவோ, வெறுமனே ஆள் பற்றவில்லை என்பதற்காகவோ கட்டிவைக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் அந்த இடத்தில் வேறு என்ன செய்வது என்று தெரிந்த ஆள் வேண்டுமே.

இன்னொன்று. செவிலியரின் பதற்றம் நோயாளிக்குத் தொற்றும் என்றார். அதனால் முதலில் தன் பதற்றத்தைப் பார்க்கச் சொன்னார். எதிரணி இயந்திரம் என்று சொன்னதே, எந்த இயந்திரம் தன் கை நடுங்குகிறதா என்று முதலில் சோதிக்கும்?

பதற்றம் என்று நினைப்பதெல்லாம் மனசும் இல்லை. வேர்த்து, நடுங்கி, உளறுகிறவரின் தலையைத் தடவிக்கொடுக்கும் நேரத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே இருந்தால் தடவல் உதவாது. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்ட வேண்டும். கடைசியாக எப்போது குடித்தார் என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். ஆபரேஷனுக்காகப் படுத்த குடிப்பழக்கக்காரர் இரண்டு நாளிலிருந்து நாலு நாளுக்குள் பிதற்ற ஆரம்பித்தால் அது குடி நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். அவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் போட்டாயிற்றா என்று பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் மூளைக்கே சேதம் வரலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியதும் ‘உப்பைக் குறைங்கப்பா’ என்று எந்த அம்மாவும் சொல்வார், நல்ல மனசோடு. திடீரென்று உப்பைக் குறைத்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். கை பெரிதாக நடுங்கும், வாந்தி பேதி, நடை தள்ளாடும், பேச்சு குழறும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் லித்தியம் அளவு 1.5க்கு மேல் போனால் ஆபத்து. இது தெரியாத தாயுள்ளத்தை என்ன செய்வது?

ஆசிரியை பெப்லாவுக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. 1954 முதல் 1974 வரை இருபது வருஷம் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் அப்போது ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே செவிலியர் என்றால் இடுப்பில் சாவிக்கொத்து, காலையில் தலை எண்ணுவது, ராத்திரி தலை எண்ணுவது. மனநோய்க்கான குளோர்புரோமசின் மாத்திரை அந்த நாட்டில் அனுமதி பெற்றதும் அதே 1954இல்தான். மாத்திரை சத்தத்தை அடக்கியது, சரி. சத்தம் அடங்கிய மனுஷனிடம் யார் உட்கார்ந்து பேசுவது? அதற்குத்தான் ரட்கர்ஸில் மனநலச் செவிலியத்தில் சிறப்பு நிபுணர்களுக்கான முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். கோடை விடுமுறைகளில் மாநிலம் மாநிலமாகப் போய், அந்தச் சாவிக்கொத்துச் செவிலியர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். 1970 முதல் 1972 வரை அமெரிக்கச் செவிலியர் சங்கத்துக்குத் தலைவர். அங்கே போய் அவர் கேட்டது தாய்மைக்கு மரியாதையை அல்ல. படிப்பை, நிபுணத்துவத்தை, இந்தத் தொழிலுக்கான எல்லையை இந்தத் தொழில் செய்கிறவர்களே வகுக்கும் உரிமையை.

வள்ளுவரே மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நாலு பங்காக்கினார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். அந்த நாலாவது பங்கைத் தனிப் பங்காகத்தான் வைத்தார், வீட்டு உறவுக்குக் கீழே கொண்டுபோய் வைக்கவில்லை.

தாய் என்று சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இரண்டு கெடும். ஒன்று, இந்த அரங்கின் இடதுபக்கம் இருபது ஆண் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாயுள்ளம்தான் தகுதி என்றால் இவர்கள் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா? மற்றொன்று, தாய்க்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. தாய்க்கு ஓவர்டைம் இல்லை, வார விடுமுறை இல்லை. 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தபோது, ‘சேவை செய்ய வேண்டியவர்கள் காசுக்குப் போராடலாமா’ என்று கேட்ட வாய்கள் எத்தனை? சேவைத்தாய் என்று கொண்டாடுகிற வாயும் அதேதான்.

பெப்லாவுக்குப் பாசம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் வளர்த்த மகள் பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியை ஆனார். 1999 மார்ச் 17ஆம் தேதி கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே பெப்லாவின் உயிர் பிரிந்தது. வீட்டில் அவர் தாய். வார்டுக்கும் வகுப்புக்கும் கொண்டுவந்தது வேறு சரக்கு.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அரை நிமிஷம். பெப்லாவின் முறையில் நோயாளி உறவுக்குக் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, பிரிவு. முதல் நாளே அதற்கு வேலை தொடங்க வேண்டும். ‘இந்த மாசம் 28ஆம் தேதி வரைக்கும், செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வருவேன்’ என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பாதியில் ஒரு முறை நினைவூட்ட வேண்டும். கடைசி வாரம் நோயாளி கோபப்படுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், சரியாகியிருந்த தொல்லை திரும்ப வந்தது மாதிரி காட்டுவார். அப்போது இன்னும் ரெண்டு நாள் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கோபத்தைப் பற்றியே பேச வேண்டும். மருந்து எங்கே வாங்குவது, அடுத்து எந்தத் தேதியில் எந்த அறைக்கு வருவது, வீட்டில் யாரிடம் பேசுவது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

அடுத்துப் பேச எழப்போகும் எதிரணித் தோழிக்கு ஒரே ஒரு கேள்வி. கடைசி நாள். அந்த அண்ணி பெட்டியைத் திண்ணையில் வைத்த அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உன் போன் நம்பர் குடும்மா, உன்னை விட்டா எனக்கு யாரு’ என்கிறார். தாயுள்ளம் நம்பரைக் கொடுக்குமா, கொடுக்காதா? கொடுக்கும் என்றால், அந்த போன் ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும்போது எடுப்பது யார்? கொடுக்காது என்றால், எந்த அறிவு தடுத்தது என்று இந்த மேடையில் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசட்டும். நன்றி, வணக்கம்.